கடலில்லாத நாட்டுச் சம்பந்தி

என் தம்பி சிலி நாட்டில் வேலை செய்கிறான் என்று சொன்னால், மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் எங்கள் உறவினர்களில் பாதிப் பேர் அவன் ஏதோ மிளகாய் கம்பெனியில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் அவன் எங்கேயோ ஜெயிலில் இருக்கிறான், நாங்கள்தான் மறைக்கிறோம் என்று நம்பினார்கள். உண்மை இரண்டையும்விடச் சாதாரணமானது. அந்த நாட்டின் வடக்கே உள்ள பாலைவனத்தில் ஒரு செப்புச் சுரங்கம். அங்கே கல் சுமந்து போகும் நீளமான பெல்ட்டுகள் அறுந்தால் ஒட்டவைப்பது அவன் வேலை. எஞ்சினியர் என்று அம்மா சொல்வார்.

அந்தப் பாலைவனம் முடிகிற இடத்தில் கடலோரமாக அந்தோஃபகஸ்தா என்று ஒரு துறைமுக ஊர். அங்கேதான் அவன் குடியிருந்தான். அங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸாக வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாக ஒரு நாள் போனில் சொன்னான். பெண் சிலிக்காரி இல்லை, பக்கத்து நாடான பொலிவியாவைச் சேர்ந்தவள், பிழைக்க வந்தவள் என்றான். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்தப் பெண் சோறு சாப்பிடுவாளா? சாப்பிடுவாள் என்றான். கல்யாணம் கிள்ளானில், கோவில் மண்டபத்தில் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பெண் வீட்டார் என்று வந்தவர் ஒரே ஒருவர், அவளுடைய அப்பா. மனைவியை இழந்தவர். அம்மா வீட்டில் செமினியிலிருந்தும் அம்பாங்கிலிருந்தும் வந்த சொந்தங்கள் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். அதனால் சம்பந்தியைப் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கொண்டோ அடுக்குமாடி வீட்டில் தங்கவைக்கலாம் என்று எல்லாரும் சேர்ந்து, என்னைக் கேட்காமல், முடிவுசெய்தார்கள். நான் ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர். வெளிநாட்டுக்காரரோடு பேச எனக்கு நிறைய விஷயம் இருக்கும் என்பது அவர்களுடைய வாதம். எனக்குத் தெரிந்த சரித்திரமெல்லாம் ஐந்தாம் படிவப் பாடநூலோடு முடிந்துவிடும். அதில் பொலிவியா கிடையாது.

விமான நிலையத்தில் பார்த்தபோது குள்ளமான, நிமிர்ந்த மனிதராக இருந்தார். தலைமுடி அடர்த்தியாக, வகிடு கோடு போட்டது போல. கையில் உறை போட்ட ஒரு உடுப்பை மடங்காமல் தூக்கிப் பிடித்திருந்தார். அதை லக்கேஜில் போட மறுத்து, ஒவ்வொரு விமானத்திலும் மடியில் வைத்துக்கொண்டே வந்ததாகப் பின்னால் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. எங்கள் வீட்டு மருமகள் ஆகப்போகிறவள் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் தினமும் வந்து மொழிபெயர்த்துவிட்டுப் போவாள். மற்ற நேரத்தில் என் கைப்பேசியில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி. அவர் ஸ்பானிஷில் பேசினால் அது ஒரு பெண் குரலில், செய்தி வாசிப்பது போல, தமிழில் சொல்லும்.

முதல் நாள் காலை வீட்டுக்குக் கீழே இருக்கும் கடைக்குத் தோசை சாப்பிடப் போனோம். என் கணவர் பேச்சை ஆரம்பிப்பதற்காக, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். கைப்பேசி பதில் சொன்னது: "நான் கடற்படையில் இருந்தேன்."

என் கணவர் நிலஅளவைத் துறையில் இருந்தவர். எந்தப் பேச்சானாலும் உடனே வரைபடத்தைத் திறந்து பார்ப்பார். பொலிவியாவைக் கண்டுபிடித்தார். பெரிதாக்கினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, மனதில் எந்தக் கள்ளமும் இல்லாமல், "கடல் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

சம்பந்தி காப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

எங்கள் கடலைத் திருடிவிட்டார்கள் என்று கைப்பேசி அறிவித்தது. என் கணவர் பதறிப்போய், போலீஸில் ரிப்போர்ட் செய்தார்களா என்று கேட்டார். உலக நீதிமன்றம் வரைக்கும் போனோம், தோற்றுவிட்டோம் என்று பதில் வந்தது. அதன்பிறகு சம்பந்தி நிறுத்தாமல் பேசத் தொடங்கினார். கைப்பேசியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நடுநடுவே விட்டுவிட்டு, திடீரென்று உரத்த குரலில், "எல்லாம் பறவையின் மலத்தால் வந்தது" என்றது. பக்கத்து மேசையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன். அது மறுபடியும், இன்னும் தெளிவாக, "உலகம் முழுவதும் அந்த மலத்தை விரும்பியது" என்றது.

அன்று மாலை மருமகள் வந்த பிறகுதான் கதை முழுதாகப் புரிந்தது. பசிபிக் கடலோரத்தில் மழையே பெய்யாத ஊர்களில் கடற்பறவைகள் ஆண்டாண்டு காலமாக எச்சமிட்டு அது மலையாகக் குவிந்து கிடந்ததாம். ஐரோப்பாவில் அதற்கு நல்ல கிராக்கி. அதைவிட நல்ல உரம் இல்லை என்று கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். பிறகு பாலைவன மண்ணுக்கடியில் வெடியுப்பு கிடைத்தது. அது பயிருக்கும் ஆகும், வெடிமருந்துக்கும் ஆகும். அதுவரை ஒருவரும் சீந்தாத அந்தப் பாலைவனத்தின் மேல் எல்லாருக்கும் பாசம் வந்துவிட்டது. நிலம் பொலிவியாவுடையது. தோண்டிய ஆட்கள் சிலிக்காரர்கள். முதல் போட்டவர்கள் சிலிக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். இருபத்தைந்து வருடத்துக்குப் புது வரி எதுவும் போடமாட்டோம் என்று பொலிவியா எழுதிக் கொடுத்திருந்தது. பிறகு ஒரு பூகம்பம், அதன்மேல் ஒரு பஞ்சம். கஜானா காலி. ஒரு மூட்டைக்குப் பத்துக் காசு வரி என்றார்கள். கம்பெனி, முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்றது. சரி, கம்பெனியை ஏலம் விடுகிறேன் என்றது பொலிவியா. ஏலம் நடக்க வேண்டிய நாளில் ஏலம் கேட்க வந்தது சிலி நாட்டுப் பட்டாளம், கப்பலில்.

பக்கத்து நாடான பெருவும் சண்டைக்கு வந்ததாம். அது எப்படி இதில் மாட்டியது என்று கேட்டேன். பெருவும் பொலிவியாவும் முன்பே ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தனவாம். உன்மேல் கை வைத்தால் நான் வருவேன் என்று. எனக்கு உடனே விளங்கிவிட்டது. மச்சானின் கார் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு, மச்சான் தவணை கட்டாததால் சொந்த வீட்டை இழந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். பெருவின் தலைநகருக்குள்ளேயே சிலிப் படை போய் உட்கார்ந்துகொண்டது. சண்டை முடிந்தபோது பெருவுக்குத் தெற்கே ஒரு துண்டு போய்விட்டது. பொலிவியாவுக்குக் கடற்கரை முழுவதும் போய்விட்டது.

ஆனால் சண்டை முடிந்து நூறு வருடத்துக்குமேல் ஆகியும், கடற்படை இல்லாமல் இருக்க அவர்களுக்கு மனமில்லை. மலைமேல் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதில் படகு விட்டு, வெள்ளை உடுப்புப் போட்டு, சல்யூட் அடித்து, கடல் திரும்பி வரும் நாளுக்காகத் தயாராக இருக்கிறார்கள். சம்பந்தி அந்த ஏரிப் படகுகளின் எஞ்சின் மெக்கானிக். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை உப்புத் தண்ணீரைக் கண்ணால் பார்த்ததில்லை. மகள் வேலை செய்த ஊர் கடலோரம்தான். ஆனால் அந்த அந்தோஃபகஸ்தாதான் சிலிப் பட்டாளம் முதலில் வந்து இறங்கிய ஊர். அங்கே போய் அடையாள அட்டையை நீட்டி, உள்ளே விடுங்கள் என்று கேட்கமாட்டேன் என்று, இத்தனை வருடமாக மகளைப் பார்க்கக்கூட அவர் போகவில்லை. மலேசியாவுக்கு வரும்போதும் விமானத்தில் நடுப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து வந்திருக்கிறார். முதன்முதலில் கடலைப் பார்ப்பது ஜன்னல் வழியாக இருக்கக்கூடாதாம். கல்யாணம் முடிந்ததும் கிள்ளான் துறைமுகப் பக்கம் கூட்டிப் போகிறோம் என்று சொன்னோம்.

மறுநாள் என் தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஒரு சின்ன பிரச்சனை."

இவன் சின்ன பிரச்சனை என்றால் நான் உட்கார்ந்துகொண்டுதான் கேட்பேன். மாப்பிள்ளைத் தோழனாக அவனோடு சுரங்கத்தில் வேலை செய்யும் நண்பன் வருகிறான். கிரேன் ஓட்டுபவன். நல்லவன், உயிருக்கு உயிரானவன். சிலிக்காரன்.

"சம்பந்திக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவரு பிளேன் ஏறியே இருக்கமாட்டாரு அக்கா. பெருக்காரன்னு சொல்லி வச்சிருக்கேன். நீதான் கொஞ்சம் சமாளிக்கணும்."

பெருவைத் தேர்ந்தெடுத்ததற்கு அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. பெரு பழைய கூட்டாளி நாடு, சம்பந்தி சந்தோஷப்படுவார் என்றான். பொய் சொல்வதென்று ஆனபின் பாதிப் பொய்யாக ஏன் சொல்ல வேண்டும் என்பது அவன் கொள்கை. மருமகளைக் கேட்டேன். அவள் என் தம்பியிடம் தமிழ் கற்றவள், அதனால் அச்சுப் பிசகாமல் கிள்ளான் தமிழ் பேசினாள். "அக்கா, இது வேலைக்கு ஆகாது லா. நான் எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். உங்க தம்பி கேக்கல." நாங்களும் கேட்கவில்லை.

நண்பர் வந்து இறங்கினார். ஆறடிக்குமேல் உயரம், அதற்கேற்ற அகலம், சிவந்த தாடி. பெரு என்ற பெயருக்காவது பொருத்தமாக இருக்கிறார் என்றார் என் கணவர். எங்கள் கொண்டோவுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் தங்கவைத்து, அன்று மாலையே அவரை தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய் ஆங்கிலத்தில் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். பெருவின் தலைநகர் எது, என்ன சாப்பிடுவார்கள், போரில் என்ன இழந்தார்கள். ஓய்வுபெற்றபின் எனக்குக் கிடைத்த முதல் மாணவர் அவர்தான். எனக்கு வாய்த்ததிலேயே மோசமான மாணவரும் அவர்தான். ஒவ்வொரு வரிக்கும் மறுப்பு. தன் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லித்தரவில்லையாம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீறியது யார் என்று என்னையே கேட்டார். பெருவும் பொலிவியாவும் சேர்ந்து ரகசியமாகச் சதி செய்தார்கள், சிலி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான் என்றார். பத்துக் காசு வரி என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அவர் படித்த பாடநூலும் சம்பந்தி படித்த பாடநூலும் ஒத்துப்போயின. நானும் என் காலத்தில், பாடநூல் மாறியபோதெல்லாம் முகத்தை மாற்றாமல் புதியதை நடத்தியவள்தான். அதனால், வாயை மூடிக்கொண்டு பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் எழுது என்று மாணவர்களிடம் சொல்வதை அவரிடமும் சொன்னேன்.

சம்பந்தியும் நண்பரும் எங்கள் வீட்டு ஹாலில் சந்தித்தார்கள். பெருவிலிருந்து வந்திருக்கிறார் என்று என் தம்பி அறிமுகம் செய்தான். சம்பந்தி எழுந்து நின்றார். நண்பர் வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேசினார். சம்பந்தி ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். உயர வித்தியாசத்தால் அவர் தலை நண்பரின் நெஞ்சில்தான் முட்டியது. என் தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். மருமகள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சம்பந்தி அந்த நண்பரை விடவில்லை. எங்கே சாப்பிடப் போனாலும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மருமகள் எனக்கு மெதுவாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். பெருவில் எந்த ஊர் என்றார். லிமா என்றார் நண்பர், நான் சொல்லிக்கொடுத்தபடி. லிமாவில் எந்தப் பக்கம்? அதை நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கடல் பக்கம் என்று சமாளித்தார். கொடுத்துவைத்தவர் என்று சம்பந்தி பெருமூச்சு விட்டார். சிலிப் படை லிமாவுக்குள் வந்ததைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்றார். ரொம்ப வருத்தப்படுவார்கள் என்றார் நண்பர். சிலிக்காரர்களைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்றார். நண்பர் இலையில் இருந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே, மோசமானவர்கள் என்றார்.

"இன்னும் சொல்லுங்கள்" என்றார் சம்பந்தி.

திருடர்கள் என்றார் நண்பர். சம்பந்தி தன் அப்பளத்தையும் எடுத்து அவர் இலையில் வைத்தார்.

கல்யாணத்தன்று காலையில்தான் அந்த உறைக்குள் இருந்தது என்ன என்று தெரிந்தது. வெள்ளைக் கடற்படைச் சீருடை, தங்க நிறப் பொத்தான்கள், மார்பில் பதக்க வரிசை. கிள்ளான் வெயிலில் கண் கூசியது. மண்டப வாசலில் அம்பாங் மாமா அவரைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, எந்த செக்யூரிட்டி கம்பெனி, கார் பார்க்கிங்கை இவர் பார்த்துக்கொள்வாரா என்று கேட்டார். சம்பந்தி என்றேன். மாமா உடனே ஓடிப்போய் அவருக்குச் சந்தனம் பூசினார், வெள்ளைச் சட்டைக் கையிலும் கொஞ்சம்.

தாலி கட்டும்போது சம்பந்தி சல்யூட் அடித்துக்கொண்டு நின்றார், கெட்டிமேளம் நிற்கும்வரைக்கும். என் அம்மா அழுதார். மேளக்காரர்கூட ஒரு தரம் தடுமாறினார்.

விருந்தின்போது சம்பந்தி இரண்டு வார்த்தை பேச விரும்பி, அறிவிப்பாளரிடமிருந்து மைக்கை வாங்கினார். பேசினார். பிறகு மாப்பிள்ளைத் தோழனை மேடைக்கு அழைத்தார். வேட்டியும், அவிழாமலிருக்க அதன்மேல் பெல்ட்டும், நெற்றியில் பட்டையுமாக நண்பர் மேலே போனார். இருவர் கையிலும் ரோஸ் சிரப். சம்பந்தி ஸ்பானிஷில் ஒரு கோஷம் போட்டார். நண்பரைப் பார்த்தார். நண்பர் அதைத் திருப்பிச் சொன்னார். இன்னும் பலமாக என்று சைகை செய்தார். நண்பர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். மணமக்களை வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மண்டபமே கைதட்டியது. மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்திருந்த மருமகளிடம் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்தாள். "கடல் பொலிவியாவுக்குச் சொந்தம். சிலி ஒழிக."

செமினிச் சித்தி மகள் இதைப் படம் பிடித்து, பாட்டுச் சேர்த்து, இணையத்தில் போட்டுவிட்டாள். அது எப்படி அவ்வளவு தூரம் போனது என்று தெரியாது. என் தம்பியின் சுரங்கத்தில் யாரோ பார்த்திருக்கிறார்கள். அப்புறம் சுரங்கமே பார்த்திருக்கிறது. அப்புறம் நண்பரின் அம்மா பார்த்திருக்கிறார். மகன் பாவாடை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு, நெற்றியில் சாம்பலோடு, கப்பல் அதிகாரி ஒருவர் பக்கத்தில் நிற்க, சொந்த நாட்டை ஒழிக என்று கத்துகிறான். அந்த அம்மாள் அவனை யாரோ கடத்திவிட்டார்கள் என்று முடிவுகட்டி, எவ்வளவு பணம் கேட்கிறார்கள் என்று போனில் அழுதாராம்.

இதற்குமேல் தாங்காது என்று நண்பர் என்னிடம் வந்தார். அன்றைக்குத்தான் சம்பந்தியைக் கடலுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அங்கே வைத்து உண்மையைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். தம்பி வேண்டாம் என்றான். நண்பர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் கார் சாவியை எடுக்கப் போனான்.

தஞ்சோங் ஹராப்பான் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இடம். நடைபாதை, மீன் சாப்பாட்டுக் கடைகள், தூரத்தில் கப்பல்களும் கொள்கலன் தூக்கும் கிரேன்களும். நாங்கள் போன நேரத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. கரையிலிருந்து நல்ல தூரத்துக்குச் சேறு. அதில் பிளாஸ்டிக் பைகளும் ஒரு ஒற்றைச் செருப்பும் கிடந்தன. அதற்கு அப்பால் பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். சம்பந்தி மறுபடியும் சீருடையில் வந்திருந்தார். சந்தனக் கறையோடு. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லாரும் நாலடி பின்னால், கோவிலில் தீபாராதனைக்கு நிற்பது போல நின்றோம். என் கணவர் மட்டும் மெதுவாக, இது பெருங்கடல் இல்லை, நீரிணை, அந்தப் பக்கம் சுமத்ரா என்று விளக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

சம்பந்தி திரும்பாமலே ஏதோ கேட்டார். மருமகள் மொழிபெயர்த்தாள். "கடல் எப்பவுமே இப்படித்தான் நாறுமான்னு கேக்குறாரு."

நண்பர்தான், ரோஷத்தில் தன்னை மறந்து, எங்களுடைய கடல் இப்படி நாறாது என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நண்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தான் பெருக்காரன் இல்லை, சிலிக்காரன், மன்னிக்க வேண்டும் என்றார்.

சம்பந்தி திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு நிதானமாகப் பேசினார். மருமகள் எங்களுக்காக ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள்.

"வீட்டுல இவரு வாயத் தொறந்ததுமே தெரிஞ்சிருச்சாம். சிலிக்காரங்க மாதிரி ஸ்பானிஷை மென்னு துப்புறவங்க வேற எங்கயும் கிடையாதாம்." அடுத்ததையும் கேட்டுச் சொன்னாள். "தன் மகளோட கல்யாணம் நல்லா நடக்கணும்னு ஒரு சிலிக்காரன் எவ்வளவு தூரம் போவான்னு பாத்தாராம். நல்ல தூரம் போனாரு, அதனால இவர் மேல கோவம் இல்லையாம்."

நண்பரின் தோள்கள் இறங்கின. அவர் சிரிக்கப்போனார். ஆனால் சம்பந்தி முடிக்கவில்லை. என் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"உங்க மேலதான் கோவமாம்" என்றாள் மருமகள், தன் கணவனைப் பார்க்காமல். "கட்டிக்கிட்ட பொண்ணோட அப்பா, சொந்த மகளோட கல்யாணத்துல சண்டை போடுவாருன்னு நெனச்சிட்டீங்கன்னு சொல்றாரு. தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ங்கிறாரு."

அந்தக் கோவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பாடம் நடத்தியவள் நான்தானே. சம்பந்தி அதையும் கண்டுபிடித்திருப்பார். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தது எனக்குத் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பிறகு சாப்பிடப் போனோம், வேறென்ன செய்வது. மீன் வந்தது, நண்டு வந்தது. எங்களுடைய கடல் என்ற வார்த்தை மட்டும் சம்பந்திக்கு இறங்கவில்லை. நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டே, அது உங்களுடையது இல்லை என்றார். அவ்வளவுதான். ஒரு வாரமாக உள்ளே அடைத்து வைத்திருந்ததை எல்லாம் நண்பரும் திறந்துவிட்டார். ஒப்பந்தத்தை மீறியது யார்? பத்துக் காசுக்காக நாட்டை அடமானம் வைத்தது யார்? உங்கள் ஜனாதிபதிக்குப் படையெடுப்புச் செய்தி வந்தபோது திருவிழாக் கொண்டாட்டம் கெட்டுவிடுமென்று கடிதத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆடினாரே, அது? அது சிலிக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்று சம்பந்தி மேசையைத் தட்டினார். பொலிவியாக்காரர்களே சொல்கிறார்கள் என்று நண்பரும் தட்டினார். குழம்பு தளும்பியது. மருமகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் முதல்முறையாக அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இடையில் ஒரு தரம் இருவர் குரலும் இறங்கின. என்ன என்று அவளைக் கேட்டேன். அவள் அப்பாவின் கொள்ளுத் தாத்தா அந்தோஃபகஸ்தா துறைமுகத்தில் சுங்கக் குமாஸ்தாவாம். அந்தப் பத்துக் காசு வரியை வாங்க வேண்டிய ஆளே அவர்தான். ஒரு காசு வாங்கவில்லை, அதற்குள் பட்டாளம் வந்துவிட்டது, கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு மலையேறி ஓடிவந்தார். நண்பரின் கொள்ளுத் தாத்தா போருக்குப் பிறகு தெற்கேயிருந்து வேலை தேடி வெடியுப்புச் சுரங்கத்துக்கு வந்தவர். ஜெயித்த நாட்டின் குடிமகன். அவருக்குக் கூலியாகக் கொடுத்தது பணம் இல்லை, தகர வில்லை. அது கம்பெனி கடையில் மட்டும்தான் செல்லும். கம்பெனி வைத்த விலைதான். அதைக் கேட்டதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், அவர்களுடைய தோட்டத்துக் கடையைப் பற்றி அவருக்கும் சொல்ல நிறைய இருந்தது, சொன்னார். அப்புறம் ஜெர்மனியில் யாரோ அந்த உப்பைத் தொழிற்சாலையிலேயே செய்யக் கண்டுபிடித்தார்களாம். மூன்று நாடுகள் அடித்துக்கொண்ட சரக்கைச் சீந்த ஆளில்லை. சுரங்க ஊர்கள் காலியாகி, இப்போது அங்கே சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுபடியும் யாரும் சீந்தாமல் போயிருக்க வேண்டிய அந்தப் பாலைவனத்தில், நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ, செம்பு இருந்தது. அதனால்தான் என் தம்பிக்கு அங்கே வேலை.

சம்பந்தி ஊருக்குத் திரும்பும்வரை என் தம்பியோடு இரண்டு மூன்று வார்த்தைக்குமேல் பேசவில்லை. விமான நிலையத்தில் கை கொடுத்தார், அவ்வளவுதான். நண்பரோடு மட்டும் கடைசி அழைப்பு வரும்வரை ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். தம்பி ஒரு பெட்டி தள்ளும் வண்டியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றான்.

அடுத்த ஆண்டு அந்தோஃபகஸ்தாவில் குழந்தை பிறந்தது, பெண். சம்பந்தி வருவாரா என்று தம்பி எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். இந்த முறை அவரையே கேளேன் என்றேன். கேட்டிருக்கிறான், ஸ்பானிஷில், தடுமாறித் தடுமாறி, ஏதோ மன்னிப்பும் சேர்த்து. சம்பந்தி யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாராம். பிறகு மலையிலிருந்து இறங்கும் பேருந்தில், ஒருவருக்கும் சொல்லாமல் ஏறிவிட்டார். எல்லையில் சிலி அதிகாரி எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டதற்குப் பேத்தியைப் பார்க்க என்று மட்டும் சொன்னாராம். கூட ஒரு வார்த்தை சொல்ல வாய் துடித்தது, பேருந்தில் மற்றவர்கள் காத்திருந்ததால் விட்டுவிட்டேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். நிலையத்தில் இறங்கியதும் நண்பருக்குத்தான் போன் செய்தார். நண்பர் போய் அழைத்து வந்தார்.

வீடியோ அழைப்பில் எங்களுக்குக் காட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே நீலமாகப் பெருங்கடல். நிஜமாகவே சுத்தமாக இருந்தது. சம்பந்தி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தம்பி பால் புட்டியோடு நின்றான். சம்பந்தி கையை நீட்ட, அவன் கொடுத்தான். அவர் ஏதோ சொன்னார். சூடு அதிகம் என்று திட்டுகிறார் என்றான் தம்பி, சந்தோஷமாக.

இங்கே அம்மாவோடு அம்பாங் மாமாவும் உட்கார்ந்திருந்தார். பிள்ளை எந்த நாட்டுக் குடிமகள் என்று மாமா கேட்டார். அங்கே பிறந்ததால் சிலி, தாய் வழியில் பொலிவியா, தம்பி தூதரகத்தில் பதிந்தால் மலேசியா, பெரியவளானதும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கைப்பேசியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"அதெல்லாம் அவ வளந்து பாத்துக்குவா" என்றார். "டேய், பிள்ளை தலை காஞ்சு கிடக்கு. அங்க நல்லெண்ணெய் கிடைக்குமா, நான் அனுப்பட்டுமா?"